நாலு பௌர்ணமி விழுந்த காலாண்டு

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி, நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். ஃபோன் செய்த பெண், "கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றும் சேர்த்துக்கொண்டாள். ஊக்கம் தர ஆள் நிறைய இருக்கிறார்கள். கன்னத்தோரம் மைக்கை ஒட்டிக்கொண்டு மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, கம்பெனியை வளர்ப்பது எப்படி, நல்ல நேரம் பார்த்து விற்பது எப்படி என்று பேசுகிறார்கள். நான் அந்தக் கம்பெனிகளுக்கு விலை போட்டவள். ஒரு தொழில்நுட்பக் கம்பெனியை இன்னொன்று விழுங்கும்போது, விழுங்கப்படுவது எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. இப்போது ஓய்வுபெற்று, பிறந்த ஊரான திருவண்ணாமலையில், செங்கம் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைத்தான் எழுத முடியும். அது கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு என்பது விஞ்ஞானம் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் வேலைக்கு வந்தபோது லாபம் எவ்வளவு என்று கேட்டு, அதைச் சில மடங்கு பெருக்கினோம். பிறகு லாபத்தைக் கேட்பதே பட்டிக்காட்டுத்தனம் என்று ஆகிவிட்டது, விற்பனையைப் பெருக்கினோம். அப்புறம் விற்பனையும் வேண்டாம், செயலியை எத்தனை பேர் ஃபோனில் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னால் போதும் என்றார்கள். முதலீடு வற்றிய வருஷங்களில் அதே ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து, லாபம் எங்கே என்று கேட்டார்கள். இப்போது கம்பெனிப் பெயரோடு செயற்கை நுண்ணறிவு என்று ஒட்டினால் விலை ஏறுகிறது. நான் கண்ட வரை, பெருக்கும் முறை ஒன்றேதான். எதைப் பெருக்குவது என்பதை மட்டும் பணம் வைத்திருப்பவர்கள் அவரவர் வசதிக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு டீலைப் பற்றி. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஜாகிரின் குடும்பம் திருவண்ணாமலையில் தலைமுறைகளாகப் பெயிண்டும் இரும்புச் சாமானும் விற்கிற குடும்பம். அவன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அப்பாவின் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்தே ஒரு செயலி செய்தான். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்துக்கானது அது. ஊரில் இருக்கும் லாட்ஜ் அறைகள் அன்றைக்குப் போதாது. ஆனால் பாதையோரம், அடி அண்ணாமலை போன்ற ஊர்களில், எத்தனையோ வீடுகளில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. நடந்து களைத்தவர் ஒரு மணி நேரம் படுத்து எழவும், குளித்து உடை மாற்றவும் அந்த அறைகளைப் பதிவு செய்துகொள்ளலாம். வண்டி நிறுத்த இடமும் பிடித்துக்கொள்ளலாம். இவ்வளவுதான் செயலி. சென்னையில் உட்கார்ந்து யோசிப்பவனுக்கு இது தோன்றியிருக்காது. சில வருஷங்களில் இன்னும் சில கோயில் ஊர்களுக்கும் பரவியது. வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள், அதிலும் பாதிக்கு மேல் பெண்கள். படித்த படிப்புக்கு ஊரிலேயே வேலை கிடைத்து, சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறவர்கள்.

பெங்களூரில் இருந்த பெரிய பயணச் செயலிக் கம்பெனி ஒன்று ஜாகிரின் கம்பெனியை வாங்க நினைத்தது. அது அடுத்த சுற்று முதலீடு தேடிக்கொண்டிருந்த நேரம். முதலீட்டாளர்கள் மத்தியில் அந்தப் பருவத்தில் ஆன்மிகச் சுற்றுலா என்ற சொல்லுக்கு மவுசு வந்திருந்தது. காட்டிக்கொள்ள அவர்களுக்கு ஒரு கோயில் ஊர் தேவைப்பட்டது. வாங்குகிறவர் தரப்பில் மதிப்பீடு செய்ய எங்கள் அலுவலகத்தை அமர்த்தினார்கள். நான் வந்தேன்.

கடைக்கு மேலே மாடியில் போய் உட்கார்ந்த முதல் நாளே ஜாகிர் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். வாடிக்கையாளர் பிரிவைப் பார்த்துக்கொண்ட புவனா டீ கொண்டுவந்து வைத்தாள். அடி அண்ணாமலைக்காரி, வீட்டுக்காரர் பூந்தோட்டம் பார்க்கிறார், இரண்டு பிள்ளைகள். சம்பளம் எந்தத் தேதியில் போடுகிறீர்கள் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"தேதிலாம் இல்ல மேடம். பௌர்ணமிக்கு மறுநாள் சம்பளம்" என்றாள் புவனா.

"ரூம் குடுக்கறவங்க கமிஷன் அப்பதான் வரும்க்கா" என்று ஜாகிர் விளக்கினான். "அதனால ஆரம்பத்துலேர்ந்தே அப்படி ஆயிடுச்சு. எங்க ஆபீஸ்ல மாசம்னாலே பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான். இந்த மாசம் எவ்ளோ புக்கிங்னு கேட்டா, இந்தப் பௌர்ணமிக்கு எவ்ளோன்னு அர்த்தம்."

கேட்டு ரசித்தேன். ஒரு கம்பெனி தன் பிழைப்புக்கு ஏற்ற காலண்டரைத் தானே வைத்துக்கொண்டிருக்கிறது, நல்லதுதானே என்று தோன்றியது.

அவனுக்கு விற்பதில் ஆசை இருந்தது, பயமும் இருந்தது. "ஒரே ஒரு விஷயம்தான்க்கா. ஆபீஸ் இங்கேயே இருக்கணும். இவங்கள்லாம் பெங்களூர் போவ முடியாது. ஆபீஸ் எங்கயும் போவாதுன்னு நான் வாக்கு குடுத்துட்டேன்" என்றான். வாங்குகிறவர்கள் அதற்கு ஒத்துக்கொண்டதாகவும் சொன்னான். அடுத்த ஆண்டு ஓர் இலக்கைத் தொட்டுவிட்டால் அலுவலகம் திருவண்ணாமலையிலேயே தனியாக நடக்கும், விலையின் மீதிப் பங்கும் வந்துவிடும். தொடாவிட்டால் பெங்களூரோடு இணைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. பேச்சு அந்த அளவில் இருந்தது.

பெங்களூர்க்காரர்கள் மயங்கிப்போயிருந்தது ஒரு காலாண்டின் வரைபடத்தைப் பார்த்து. அந்த மூன்று மாதத்தில் மட்டும் புக்கிங் நெட்டுக்குத்தாக ஏறியிருந்தது. நான் அதைத் தேதி வாரியாக விரித்துப் பார்த்தேன். மேடுகள் நாலு இருந்தன. அந்த மூன்று மாதத்தில் நாலு பௌர்ணமி. நடு மாதத்தின் முதல் நாள் ஒன்று, கடைசியில் ஒன்று என்று விழுந்திருந்தது. எப்போதாவது ஒரு வருஷம் அப்படி அமையும். அவர்கள் வளர்ச்சி என்று நினைத்ததில் பெரும்பங்கு நிலாவின் உபயம்.

இந்த இடத்தில் என்ன செய்வீர்கள்? நான் யோசிக்கவே இல்லை. என்னை அமர்த்திய கட்சிக்காரர் ஏமாறக்கூடாது. அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். அறிக்கையில் தெளிவாக எழுதினேன். இந்தக் காலாண்டு வழக்கமானதல்ல, நாலை மூன்றாகக் குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று. அதை இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன்.

டீலை நடத்திய கார்த்திக் என்ற இளைஞர் அறிக்கையைப் படித்துவிட்டு உடனே கூப்பிட்டார். "சூப்பர் மேடம். இதை எங்க டீம்ல ஒருத்தர்கூடக் கவனிக்கல" என்றார். விலையைக் குறைத்தார்கள். ஜாகிரிடம் காரணம் சொல்லவில்லை, சந்தை சரியில்லை என்றார்கள். அந்த வருஷம் எல்லாருடைய விலையும் இறங்கிக்கொண்டிருந்ததால் அவனும் நம்பினான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. விலை நியாயமான இடத்துக்கு வந்திருந்தது.

பிறகு ஒப்பந்தத்தின் வரைவு வந்தது. இலக்கு என்ற பகுதியை இரண்டு முறை படித்தேன். அடுத்த ஆண்டு அதே காலாண்டில் மாதச் சராசரி புக்கிங் கால் பங்கு உயர வேண்டும். எதிலிருந்து உயர வேண்டும்? நாலு பௌர்ணமி விழுந்த அந்தக் காலாண்டிலிருந்து. குறைக்காமல், அப்படியே.

எளிதாகச் சொல்கிறேன். ஒரு பௌர்ணமிக்கு நூறு புக்கிங் என்று வையுங்கள். நாலுக்கு நானூறு. ஜாகிரின் அலுவலகத்தில் அது நாலு மாசம், சராசரி நூறு. ஒப்பந்தத்தில் அது மூன்று மாதம்; சராசரி நூற்று முப்பத்து மூன்று. ஜாகிர் நூற்று இருபத்தைந்தைத் தொட்டால் போதும் என்று நினைப்பான். உண்மையில் அடுத்த வருஷம் மூன்றே பௌர்ணமியை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நூற்று அறுபத்தாறுக்கு மேல் காட்ட வேண்டும். அந்தத் தொழிலில் அது நடக்காத காரியம்.

கார்த்திக்கைக் கூப்பிட்டேன். "விலை போடும்போது அந்தக் காலாண்டைக் குறைச்சீங்க. இலக்கு வைக்கும்போது ஏன் குறைக்கல?" என்று கேட்டேன்.

"மேடம், விலை உங்க ஏரியா. இலக்கு கமர்ஷியல் விஷயம். அவங்க ஒத்துக்கிட்டாங்க."

"தெரிஞ்சு ஒத்துக்கிட்டாங்களா?"

"அவங்க பிசினஸ், அவங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்றார். குரலில் கோபம் இல்லை, சிரிப்புகூட இருந்தது.

விடவில்லை. இந்த முரண்பாட்டை நீக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று மின்னஞ்சலில் எழுதிப் போட்டேன். பதில் கார்த்திக்கிடமிருந்து வரவில்லை. எங்கள் அலுவலகத்தின் மூத்தவர் ஃபோன் செய்தார். எனக்கு இந்தத் தொழிலை எழுத்தறிவித்த மாதிரி கற்றுக்கொடுத்தவர். அவர் பேச்சைத் தட்டிப் பழக்கம் இல்லை.

"நம்ம கட்சிக்காரர் யாரும்மா?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அவங்களுக்கு நஷ்டம் வர்ற மாதிரி ஏதாவது இருக்கா இதுல?"

"இல்ல சார்."

"அப்ப நீ யாருக்காகப் பேசுற?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

சட்டப்படி அவர் சொன்னது சரி. எதிர்த் தரப்பிடம் என் தரப்பின் கணக்கைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்னால் என் உரிமத்துக்கே வேட்டு. ஆனாலும் ஜாகிரைத் தேரடி வீதியில் பார்த்தபோது என்னால் சொல்ல முடிந்ததைச் சொன்னேன்.

"தம்பி, நான் அவங்க ஆளு. உனக்கு நல்லது கெட்டது சொல்ல முடியாது. உனக்குன்னு ஒரு ஆள வெச்சு ஒப்பந்தத்தப் படிக்கச் சொல்லு."

"இன்னாக்கா, இப்டிப் பிரிச்சுப் பேசுறீங்க" என்று சிரித்தான். "வெச்சிக்கலாம்க்கா, வெச்சிக்கலாம்."

கையெழுத்து செங்கம் சாலையில் ஒரு ஹோட்டல் அறையில் நடந்தது. ஜாகிரின் அப்பா சலவைச் சட்டையில் வந்திருந்தார். ஜாகிருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆடிட்டரை வைத்துக்கொண்டான் போலிருக்கிறது என்று எனக்குப் பாதி பாரம் இறங்கியது. ஆனால் அவர் இலக்குப் பகுதியையும் அதே வேகத்தில் புரட்டித் தள்ளினார். அதற்குள் கார்த்திக் பேனாவை எடுத்து நீட்டிவிட்டார்.

என்னால் உட்கார முடியவில்லை. "தம்பி, இதுல மாசம்னு போட்டிருக்கறது இங்கிலீஷ் மாசம்" என்றேன். அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியும்க்கா" என்றான் ஜாகிர். "எல்லாமே இங்கிலீஷ்லதான போட்டிருக்காங்க."

அப்பா சிரித்தார். கண்ணாடிக்காரரும் சிரித்தார். கார்த்திக், "கரெக்ட் ஜாகிர்" என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அவன் போட்டான். அந்த ஒரு வாக்கியத்துக்காக மாலையே எனக்கு மூத்தவரிடமிருந்து ஃபோன் வந்தது. அவர் பேசியதை இங்கே எழுதினால் அச்சிடமாட்டார்கள். அதன்பின் அந்தக் கட்சிக்காரரின் வேலை எனக்கு வரவில்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். சில வாரம் கழித்து அந்தப் பெங்களூர்க் கம்பெனி தன் முதலீட்டாளர்களுக்குக் காட்டிய படங்கள் வேறொரு வழியாக என் கண்ணில் பட்டன. அதில் திருவண்ணாமலையின் அதே காலாண்டு, அதே நெட்டுக்குத்தான கோடு, பெரிய எழுத்தில் வளர்ச்சி என்று. பௌர்ணமியைப் பற்றிய என் குறிப்பு அங்கே இல்லை. ஜாகிரிடம் வாங்கும்போது அந்தக் கோடு ஊதிப்பெருத்தது. ஜாகிருக்கு இலக்கு வைக்கும்போது அது உண்மையானது. முதலீட்டாளரிடம் விற்கும்போது அது அற்புதமானது. மூன்றும் ஒரே ஆட்கள் செய்தது. முதலீட்டாளர்கள் வாரிக் கொடுத்தார்கள். கார்த்திக்குக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இப்போது அவர்தான் மேடையில் நடந்துகொண்டே, சின்ன ஊர்த் தொழில்முனைவோரை மதிப்பது எப்படி என்று பேசுகிறார்.

அடுத்த வருஷம் அந்த அலுவலகம் உழைத்த மாதிரி ஓர் அலுவலகம் உழைத்து நான் பார்த்ததில்லை. அதற்குள் நான் ஓய்வுபெற்று இங்கே வந்துவிட்டேன். புவனா பாதையோரத்து வீடு வீடாக ஏறி இறங்கிப் புதிய அறைகளைச் சேர்த்தாள். பிள்ளைகள் பௌர்ணமி அன்று பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு பாதையில் நின்று வழி காட்டினார்கள். மூன்று பௌர்ணமியும் முந்தைய வருஷத்தைத் தூக்கிச் சாப்பிட்டன. அவர்கள் கணக்கில் கால் பங்கைத் தாண்டி, முப்பத்தைந்து சதவீதம் வரை போய்விட்டது. மூன்றாவது பௌர்ணமி முடிந்த மறுநாள் கடைக்கு மேலே பிரியாணி. எனக்கும் ஒரு பொட்டலம் வீடு தேடி வந்தது. கொண்டுவந்த புவனா, "டார்கெட் முடிச்சிட்டோம் மேடம். ஆபீஸ் இனிமே இங்கதான்" என்று வாசலிலேயே நின்று சொன்னாள். உள்ளே போய்ப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்தேன்.

சராசரி எட்டவில்லை என்று பெங்களூரிலிருந்து தகவல் வந்தது. மிகவும் மரியாதையான ஆங்கிலம், உழைப்புக்குப் பாராட்டுக்கூட இருந்ததாம். அலுவலகத்தை இணைக்கும் வேலை உடனே தொடங்கியது. வர விருப்பம் உள்ளவர்களுக்குப் பெங்களூரில் இடம் உண்டு என்றார்கள். மூன்று பேர் போனார்கள். புவனா பூந்தோட்டத்தையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டா போக முடியும்? இப்போது ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் சேர்த்த வீடுகளே அந்தச் செயலியில் லாட்ஜுக்குப் போட்டி. சம்பளம் ஒன்றாம் தேதி கிடைக்கிறது.

அந்த மாடி காலியான பிறகு ஜாகிர் என் வீட்டுக்கு வந்தான். வக்கீல் ஒருவரிடம் அப்போதுதான் முதல்முறையாக ஒப்பந்தத்தைக் காட்டியிருக்கிறான். அவர்தான் மூன்றால் வகுப்பதையும் நாலால் வகுப்பதையும் விளக்கியிருக்கிறார். சண்டை போட வந்திருப்பான் என்று நினைத்தேன். அமைதியாக உட்கார்ந்தான்.

"பெங்களூர்ல உக்காந்துனு இருக்கறவங்களுக்கு நாலு பௌர்ணமி எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டான்.

"நான்தான் எழுதிக் குடுத்தேன்."

"அது உங்க வேலைக்கா. அதுக்கு நான் ஒன்னும் சொல்லல" என்றான்.

எனக்குத்தான் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். அது அவன்மேல் பாய்ந்தது. "உனக்குன்னு ஆள் வெச்சுக்கன்னு தலபாடா சொன்னேனே. பக்கத்துல கண்ணாடி போட்டுனு ஒருத்தர் உக்காந்திருந்தாரே, அந்த ஆடிட்டர் இன்னா பண்ணிட்டு இருந்தாரு?"

"ஆடிட்டரா? அவரு எங்க மச்சான்க்கா. ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டர். போட்டோவுல நிக்கணும்னு வந்தாரு."

"ஏன் ஆள் வெக்கல? செலவுன்னு பாத்தியா?"

"செலவு இல்லக்கா" என்றான். "நம்ம ஊருக்காரங்க நீங்க உள்ள இருக்கீங்க. உங்கள வெச்சுனு இன்னொருத்தர்கிட்ட போய்ப் படிச்சுக் காட்டுன்னு கேட்டா, உங்கள நம்பாத மாதிரி ஆயிடும்னு வாப்பா சொன்னாரு. எனக்கும் அதான் சரின்னு பட்டுது."

அவன் போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் அலுவலகத்தில் பயணத் துறைக் கம்பெனிகளை என்னைவிட நன்றாக மதிப்பிடத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இருந்தும் அந்த டீலுக்குப் பெங்களூர்க்காரர்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று அப்போது பெருமைப்பட்டுக்கொண்டு, வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

உங்களையும் ஒரு நாள் யாராவது பெயர் சொல்லிக் கேட்பார்கள். ஏன் நான் என்று, ஒத்துக்கொள்வதற்கு முன்னால் கேளுங்கள்.